கோழிக் கொட்டகைக்கு வந்த கிரிஸ்லி: முதலில் வேலி, மற்றதெல்லாம் அப்புறம்

கேள்வி: ஐயா, வணக்கம். அமெரிக்காவில் மொன்டானா மாநிலம், மிஷன் பள்ளத்தாக்கில் ரோனன் ஊருக்குப் பக்கத்தில் ஐந்து ஏக்கர் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. முப்பது கோழி, எட்டு ஆடு, மூன்று தேன் பெட்டி வைத்திருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் பழைய ஆப்பிள், பிளம்ஸ் மரங்கள் உண்டு. முந்தாநாள் இரவு ஏதோ வந்து கோழிக் கொட்டகையின் பலகைக் கதவைப் பிய்த்துவிட்டு, பதினொரு கோழிகளைக் கொன்றுவிட்டது. சேற்றில் நீளமான நகத் தடம் தெரிகிறது. கிரிஸ்லி கரடிதான் என்கிறார்கள். சுட்டுவிடு என்கிறார் ஒருவர், பிடித்துக்கொண்டு போய் வேறு காட்டில் விடுவார்கள் என்கிறார் இன்னொருவர். நம் ஊரில் யானைக்குக் கட்டுவதுபோல மிளகாய்த்தூள் பூசிய கயிறு கட்டலாமா என்று என் கணவர் கேட்கிறார். பிள்ளைகள் இருட்டோடு பள்ளிப் பேருந்துக்கு நடந்து போகிறார்கள், பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: வணக்கம் அம்மா. இன்று இரவுக்குள் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கரடி திரும்பி வரும். ஒரு தடவை வயிறு நிறைந்த இடத்தை அது மறக்காது. அதனால் மிச்சமிருக்கும் பத்தொன்பது கோழிகளையும் இன்றைக்கே கராஜுக்குள் கொண்டுபோய் அடையுங்கள். தீவன மூட்டை, முட்டை, சமையல் கழிவு எதுவும் கொட்டகையில் இருக்கக் கூடாது. செத்த கோழிகளையும் இறகையும் அகற்றுவதற்கு முன் படம் எடுத்துக்கொண்டு, அதிகாரிகளைக் கூப்பிடுங்கள். நீங்கள் இருப்பது பிளாட்ஹெட் பழங்குடி நிலப் பகுதி. அங்கே கரடி விவகாரத்தைப் பார்ப்பது சேலிஷ், கூட்டனை பழங்குடிகளின் வனவிலங்குத் துறை. அவர்கள் வந்து தடம் பார்த்து, தேவையானால் பொறி வைப்பார்கள். இரவில் சத்தம் கேட்டால் டார்ச்சை எடுத்துக்கொண்டு யாரும் வெளியே போக வேண்டாம். வீட்டுக்குள் இருந்தே போன் செய்யுங்கள்.

கிரிஸ்லிதானா என்பதை நீங்களே ஓரளவு சரிபார்க்கலாம். முன்காலின் ஐந்து விரல்களும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் பதிந்து, நகக் குறி விரலை விட்டு நன்றாகத் தள்ளி முன்னால் விழுந்திருந்தால் கிரிஸ்லி. விரல்கள் வளைவாக அமைந்து நகக் குறி விரலை ஒட்டியே இருந்தால் கருங்கரடி. நேரில் பார்த்தால் தோளுக்கு மேலே திமில் மாதிரி ஒரு மேடு தெரியும், அது கிரிஸ்லி. நிறத்தை நம்பாதீர்கள். கருங்கரடியிலும் பழுப்பு உண்டு, கிரிஸ்லியிலும் கறுப்பு உண்டு.

அடுத்தது, சுடலாமா என்ற கேள்வி. கூடாது. 1975 முதல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்க நிலப்பரப்பில் கிரிஸ்லி, மத்திய அரசின் அழியும் உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. மனித உயிருக்கு உடனடி ஆபத்து வந்தால் தற்காப்புக்குச் சுடுவது வேறு விஷயம். கோழிக்காகச் சுட்டால் அது குற்றம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. 1800 வாக்கில் இந்த நிலப்பரப்பில் 50,000 கிரிஸ்லிகள் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். 1975-ல் ஆயிரத்துக்கும் குறைவாக வந்துவிட்டது. இன்று இரண்டாயிரம் அளவுக்கு மீண்டிருக்கிறது என்றால், அரை நூற்றாண்டு எத்தனையோ பேர் பட்ட பாடு அது. பெண் கிரிஸ்லி முதல் குட்டி போடவே ஐந்தாறு வயதாகும். குட்டிகள் இரண்டு வருடத்துக்குக் குறையாமல் தாயோடு இருப்பதால், அடுத்த ஈற்றுக்கு மூன்று வருடம்கூட ஆகும். ஒரு தாய்க்கரடி போனால் அந்த இடம் நிரம்ப நெடுங்காலம் பிடிக்கும்.

பிடித்துக்கொண்டு போய் விடுவார்கள் என்பதையும் பெரிதாக நம்ப வேண்டாம். மலைகளைத் தாண்டித் திரும்பி வந்த கரடிகள் உண்டு. வராவிட்டாலும், கோழி ருசி கண்ட கரடி புது இடத்திலும் கொட்டகையைத்தான் தேடும். இரண்டு மூன்று முறை அப்படி மாட்டினால் அதைக் கொன்றுவிடுவார்கள். உங்கள் பள்ளத்தாக்கிலிருந்து தென்கிழக்கே ஓவாண்டோ என்ற சிற்றூர் இருக்கிறது. 2021 ஜூலையில் அங்கே கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சைக்கிள் பயணி கிரிஸ்லி தாக்கி இறந்துபோனார். அதே இரவில் அந்தக் கரடி ஊருக்குள் ஒரு கோழிக் கொட்டகையிலும் புகுந்திருந்தது. சில நாள் கழித்து, பக்கத்தில் இன்னொரு கோழிக் கொட்டகைக்கு வந்தபோதுதான் அதிகாரிகள் அதைச் சுட்டார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கோழிதானே, நஷ்டம் கொஞ்சம்தானே என்று விட்டுவிடுகிற விஷயம் இது இல்லை.

கரடி ஏன் இப்போது வந்தது என்று புரிந்துகொண்டால் மற்ற வேலை எளிது. ஆகஸ்ட் கடைசி முதல் நவம்பர் வரை அதற்கு அடங்காப் பசி. குளிர்காலம் முழுக்கக் குகையில் ஒன்றும் சாப்பிடாமல் கிடக்க வேண்டுமே, அதற்குக் கொழுப்பு சேர்க்கிற காலம். நாளுக்கு 20,000 கலோரி வரை தின்னும். கோடையில் உங்கள் கிழக்கே தெரியும் மிஷன் மலைத்தொடரின் மெக்டொனால்ட் சிகரத்தில், பாறைச் சரிவுகளில் கல்லைப் புரட்டிப் பொறிவண்டையும் அந்துப்பூச்சியையும் தின்னும். அந்த அந்துப்பூச்சி வேறு எதுவும் இல்லை, கிழக்குச் சமவெளியில் கோதுமை நாற்றைக் கத்தரிக்கிற வெட்டுப்புழுவின் தாய்தான். வெயில் காலத்தில் மலைக்குப் பறந்து வந்து, இரவில் பூக்களில் தேன் குடித்து, பகலில் கல்லுக்கு அடியில் ஒளிந்திருக்கும். உடம்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. ஒரு கரடி ஒரே நாளில் 40,000 பூச்சி வரை தின்னும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த இரையை யாரும் கலைத்துவிடக் கூடாது என்று சிகரத்தைச் சுற்றிப் பத்தாயிரம் ஏக்கர் அளவுக்கு ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் முடிய யாரையும் விடாமல் மூடி வைக்கிறார்கள் அந்தப் பழங்குடி மக்கள். மலையில் கரடிக்கு வயிறு நிறைந்தால் ஊருக்குள் வராது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பூச்சி குறைந்து, மலைப்பழங்களும் முடிந்ததும் கரடி ஓடைக்கரைப் புதர்களை ஒட்டியே கீழே இறங்கும். ஓடையிலிருந்து உங்கள் பிளம்ஸ் மரம், பிளம்ஸிலிருந்து கொட்டகை. அது வந்த வழி அநேகமாக இதுதான்.

சரி, இப்போது வேலிக்கு வருவோம். மிஷன் பள்ளத்தாக்கில் கரடித் தொல்லையில் பெரும்பங்கு கோழியால்தான். அதற்கு நல்ல முறையில் போட்ட மின்வேலிக்கு ஈடான பரிகாரத்தை நான் பார்க்கவில்லை.

கொட்டகைச் சுவரிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளிச் சுற்றிலும் போடுங்கள். தரையிலிருந்து 8 அங்குலத்தில் முதல் கம்பி, அதற்கு மேல் 10 அங்குலத்துக்கு ஒன்றாக மொத்தம் ஐந்து கம்பி. 4 அடி உயரம் வரும். கரடி வேலியைத் தாண்டப் பார்க்காது, மூக்கை நீட்டி முகரும், இல்லை என்றால் அடியில் தோண்டும். அதனால் கீழ்க்கம்பியின் உயரத்தில் அலட்சியம் கூடாது. 1, 3, 5-வது கம்பிகளில் மின்துடிப்பு, 2, 4-வது கம்பிகள் எர்த். இப்படி மாற்றி மாற்றிக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. செப்டம்பரில் உங்கள் மண் காய்ந்து கிடக்கும். காய்ந்த மண் வழியாக மின்சாரம் சரியாகத் திரும்பாது. இரண்டு கம்பிக்கு நடுவே கரடி தலையை நுழைத்தால் மண்ணை நம்பாமலே அடி விழும். அடர்ந்த ரோமத்தின் மேல் பட்டால் ஒன்றும் ஆகாது. மூக்கிலோ வாயிலோ படும்போதுதான் அது பின்வாங்கும்.

கம்பிக்கு மின்துடிப்பு அனுப்புகிற பெட்டியான எனர்ஜைசர் குறைந்தது 1 ஜூல் இருக்கட்டும். கம்பியில் 6,000 வோல்ட் நிற்க வேண்டும். 5,000-க்குக் கீழே போனால் நம்பாதீர்கள். எர்த் ராடு 6 அடி நீளத்தில் மூன்று, பத்தடிக்கு ஒன்றாக முழுக்க உள்ளே போகும் வரை அடியுங்கள். இந்த வேலையில்தான் நிறையப் பேர் மிச்சம் பிடிக்கப் பார்த்து, ஒரே ஒரு ராடை அரைகுறையாக அடித்துவிட்டு வேலி வேலை செய்யவில்லை என்பார்கள். வேலியின் கேட்டும் மின்கம்பியோடு இணைந்திருக்க வேண்டும். கேட்டுக்கு அடியில் ஓர் அடி இடைவெளி இருந்தால் வேலி முழுவதும் வீண்.

இரண்டு எச்சரிக்கை. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுக்கவே கூடாது. தமிழ்நாட்டில் அப்படிக் கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலிகளில் யானையும் செத்திருக்கிறது, மனிதர்களும் செத்திருக்கிறார்கள். எனர்ஜைசர் நொடிக்கு ஒரு முறை போல மிகச் சிறு துடிப்பாகத்தான் விடும், வலிக்கும், கொல்லாது. அடுத்து, முள்கம்பியில் மின்சாரம் கொடுக்காதீர்கள். பிள்ளையோ ஆடோ சிக்கிக்கொண்டால் விடுவித்துக்கொள்ள முடியாது. கடையில் விற்கும் மின்வலை கோழிக்குப் பரவாயில்லை, ஆனால் கொம்புள்ள ஆடு அதில் மாட்டும்.

செலவைப் பார்த்துத் தயங்க வேண்டாம். மொன்டானாவில் மின்வேலிச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் திட்டத்தை டிஃபெண்டர்ஸ் ஆஃப் வைல்ட்லைஃப் என்ற வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு பல ஆண்டுகளாக நடத்தியிருக்கிறது. பழங்குடித் துறை அதிகாரி வரும்போது இப்போதைய நிலவரத்தைக் கேளுங்கள். வேலி எப்படிப் போடுவது என்று நேரிலேயே காட்டுவார்கள்.

உங்கள் கணவர் கேட்ட மிளகாய்க் கயிறு யானைக்குச் சரி, இங்கே வேண்டாம். கரடிக்கு அடிக்கிற மிளகாய் ஸ்ப்ரே முகத்தில் பட்டால்தான் விரட்டும். தரையிலும் பொருள்களிலும் காய்ந்துபோன மிச்சத்தைப் பழுப்புக்கரடிகள் தேடி வந்து முகர்ந்து, அதில் புரண்டதை அலாஸ்காவில் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். கிரிஸ்லியும் அதே இனம்தான். கொட்டகையைச் சுற்றி மிளகாய் பூசினால் வா என்று கூப்பிட்டதாக ஆகிவிடும்.

ஆடுகளை இரவில் பட்டிக்குள் அடைத்து, பட்டியைச் சுற்றியும் இதே வேலியைப் போடுங்கள். வசந்தத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆண் கரடிகள் மார்ச் நடுவில் குகையை விட்டுக் கிளம்பும். உங்கள் ஆடு குட்டி போடுகிற நேரமும் அதுதான். நஞ்சுக்கொடியை அப்படியே கிடக்க விடாதீர்கள். செத்த குட்டியைப் புதைத்தாலும் பிரயோஜனம் இல்லை, தோண்டி எடுத்துவிடும். ஓவாண்டோ இருக்கிற பிளாக்ஃபுட் பள்ளத்தாக்கில், செத்த மாடுகளைப் பண்ணை பண்ணையாகப் போய் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, வேலி போட்ட இடத்தில் மரத்தூளோடு மக்கவைக்கும் ஏற்பாட்டைப் பண்ணையாளர்களும் அரசுத் துறைகளும் சேர்ந்து இருபது வருடமாகச் செய்துவருகிறார்கள். அங்கே தொல்லை வெகுவாகக் குறைந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். உங்கள் பக்கம் எங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று குட்டி போடும் காலத்துக்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

ஆட்டைக் கரடி கொன்றால் மொன்டானா மாநிலக் கால்நடை இழப்பு வாரியத்தில் ஈடு கேட்கலாம். காவல் நாய்கூட அந்தப் பட்டியலில் வரும், கோழி வராது. சம்பவ இடத்தைக் கலைக்காமல், தார்ப்பாயால் மூடிவிட்டு உடனே சொல்ல வேண்டும். காவல் நாய் வளர்ப்பதாக இருந்தால் கிரேட் பைரனீஸ், அனடோலியன் மாதிரி மந்தைக் காவலுக்கே உள்ள இனமாகப் பாருங்கள், ஒன்று போதாது, இரண்டு வேண்டும். வீட்டு நாயை அவிழ்த்து விட்டால் குரைத்துக்கொண்டே போய்க் கரடியை உங்களிடமே இழுத்து வந்துவிடும்.

பிளம்ஸ், ஆப்பிள் எல்லாவற்றையும் இந்த வாரமே பறித்துவிடுங்கள், முழுக்கப் பழுக்கக் காத்திருக்க வேண்டாம். உதிர்ந்ததைத் தினமும் பொறுக்க வேண்டும். தேன் பெட்டிகளுக்கும் வேலி கட்டாயம். தேனைவிடத் தேனீப் புழுக்கள் இருக்கிற அடை கரடிக்கு இன்னும் பிடிக்கும். குப்பைத்தொட்டி வாங்கும்போது கரடி சோதனையில் தேறியதா என்று கேட்டு வாங்குங்கள். வெஸ்ட் யெல்லோஸ்டோனில் ஒரு மையத்தில் நிஜக் கிரிஸ்லிகளிடமே தொட்டியைக் கொடுத்து, ஒரு மணி நேரம் உடைக்காமல் தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். பறவைத் தீனித் தொட்டியைக் குளிர்காலத்துக்கு மட்டும் தொங்கவிடுங்கள்.

பிள்ளைகள் விஷயம். கொஞ்ச நாளைக்கு நீங்களோ அவரோ காரில் கொண்டுபோய்ப் பேருந்தில் ஏற்றிவிடுங்கள். பெரியவர்கள் இருவரும் கரடிக்கு அடிக்கிற அந்த மிளகாய் ஸ்ப்ரேயை (பியர் ஸ்ப்ரே) இடுப்பிலேயே வைத்திருக்க வேண்டும். பைக்குள் கிடந்தால் உதவாது. 30 அடி அளவுக்கு நெருங்கி வரும்போது, முகத்துக்குச் சற்றுக் கீழே குறிவைத்து அடியுங்கள். டப்பாவில் காலாவதித் தேதி போட்டிருக்கும், பாருங்கள். ஓடக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள். கிரிஸ்லி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், அதனிடம் ஓடித் தப்பிக்க முடியாது. முதுகைக் காட்டாமல் கரடியின் பக்கமே திரும்பியபடி, மெதுவாகப் பேசிக்கொண்டே பின்னால் நகர வேண்டும்.

வேலி போட்டு முடிகிற வரை கோழிகள் கராஜிலேயே இருக்கட்டும், முட்டை குறைந்தாலும் பரவாயில்லை. நவம்பர் கடைசி வரை இணைப்பை எடுக்காதீர்கள், அடுத்த மார்ச் பிறந்ததும் மறுபடி கொடுத்துவிடுங்கள். கீழ்க்கம்பியில் புல் தொட்டால் மின்சாரம் அதிலேயே கசிந்துவிடும், வாரம் ஒருமுறை புல்லை வெட்டுங்கள். முதல் நாள் எனர்ஜைசரிலிருந்து தூரமான மூலையில் மின்வேலிக்கான வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்து, என்ன காட்டுகிறது என்று எனக்கு எழுதுங்கள். 5,000-க்குக் கீழே இருந்தால் எர்த் ராடிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்வோம்.