கேளுங்க அண்ணாச்சி: உருண்டை வச்ச மவுஸ் வாங்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, மார்த்தாண்டத்துல சின்னதா டிடிபி சென்டர் வச்சிருக்கேன். கல்யாண சீசன் வந்தா பத்திரிகை, பேனர்னு காலையில உக்காந்தா ராத்திரி வரைக்கும் மவுச புடிச்ச கை புடிச்சபடிதான், இப்ப வலது மணிக்கட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. மேசையில பிரிண்டர், ஸ்கேனர் போக ஒரு சாண் இடம்தான் மிச்சம். ட்ராக்பால் வாங்குன்னு தம்பி சொல்லுகான். அத வச்சு போட்டோஷாப், கோரல்ட்ரா எல்லாம் ஓட்ட முடியுமா?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: ஓட்டலாம் தங்கச்சி. ஆனா மொத ரெண்டு வாரம் அத தூக்கி குழித்துறை ஆத்துல போட்டுரலாமான்னு தோணும், அத தாண்டணும்.

மவுஸ்ல கை முழுசும் நகரணும், ட்ராக்பால் வச்ச இடத்துலயே கெடக்கும், உருண்டைய விரலால உருட்டினா அம்புக்குறி ஓடும், அவ்வளவுதான். ஒரு சாண் இடம் தாராளம். உள்ள இருக்க சென்சார் பாக்கறது உருண்டையத்தான், மேசைய இல்ல, அதனால கண்ணாடி மேசையா இருந்தாலும் பிரச்சனை கெடையாது.

கட்டைவிரலால உருட்டுறது ஒண்ணு இருக்கு, லாஜிடெக் எம்575 மாதிரி. சீக்கிரம் பழகிரும், ஆனா வலது கைக்கு மட்டும்தான், அதுவும் உருட்டுற வேலை மொத்தமும் கட்டைவிரல் தலையில. நாள் முழுக்க உருட்டினா மணிக்கட்டு வலி கட்டைவிரலுக்கு குடி மாறி வந்துரும், பொறவு என்ன லாபம்? உங்களுக்கு நடுவுல பெரிய உருண்டை இருக்கதுதான் செரி. கென்சிங்டன் எக்ஸ்பர்ட் மவுஸ்னு பேரு, பேருல மவுஸ் இருந்தாலும் அது ட்ராக்பால்தான். 55 மில்லிமீட்டர் உருண்டை, சுத்தி ஒரு வளையம், அத திருப்பினா பக்கம் மேல கீழ போவும். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கதால இடது கையிலயும் வச்சுக்கலாம், வலது கைக்கு கொஞ்ச நாள் லீவு.

வம்பு எங்கன்னா புடிச்சு இழுக்கதுல (drag). கோரல்ட்ராவுல ஒரு படத்த புடிச்சு இழுக்கணும்னா ஒரு விரல் பட்டன அமுக்கிட்டே இருக்க, மத்த விரல் உருட்டணும், பாதி வழியில நழுவி பிள்ளையார் படம் மாப்பிள்ளை பேரு மேல போய் உக்காரும். விண்டோஸ் மவுஸ் செட்டிங்ஸ்ல கிளிக்லாக்னு ஒண்ணு இருக்கு, அத ஆன் பண்ணிட்டா பட்டன கொஞ்ச நேரம் அமுக்கிட்டு விட்டுட்டு இழுக்கலாம், இன்னொரு கிளிக்குல விடும். போட்டோஷாப்ல பென் டூல்ல புள்ளி புள்ளியா வெட்டுறது சுகம், பிரஷ்ஷால கையெழுத்து மாதிரி இழுக்கது மகா கொடுமை, அதுக்கு பழைய மவுச பக்கத்துல வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, ஏத்தங்கா சிப்ஸ் தின்னுட்டு அந்த கையோட தொடக்கூடாது. எனக்கு ஒரு தடவ அம்புக்குறி தத்தி தத்தி போச்சு, செத்துப்போச்சுன்னு நெனச்சு உருண்டைய கழட்டினா, அது உக்காந்திருக்க மூணு குட்டி மணியிலயும் கறுப்பா அழுக்கு. துடைச்சேன், ஓடிச்சு. வாரம் ஒருக்கா துடைங்க.

விரல் மரத்துப்போற மாதிரி இருந்தா கடைக்கு போகாதீங்க, மொதல்ல டாக்டர்ட்ட போங்க.

கேள்வி: மவுஸ் பழசு, ட்ராக்பால் புதுசு, செரிதானே?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: தலைகீழ். 1946-லயே ரால்ஃப் பெஞ்சமின்னு ஒருத்தர் பிரிட்டிஷ் கடற்படை ரேடாருக்காக உருண்டைய யோசிச்சிட்டாரு, ராணுவ ரகசியம்னு வெளிய வரல. பொறவு கனடா கடற்படைக்காக செஞ்சதுல உருண்டைக்கு பவுலிங் பந்தையே போட்டாங்க! மொத மவுஸான டக்ளஸ் எங்கல்பர்ட்டோட மர மவுஸ் வந்தது 1964-ல, செஞ்சு குடுத்தவரு பில் இங்கிலீஷ். ஆக ட்ராக்பால்தான் மூத்த அண்ணன்.

கேள்வி: மகன் துப்பாக்கி கேம் வெளையாட ட்ராக்பால் கேக்கான், வாங்கிக் குடுக்கட்டா?
- வாசகர், தக்கலை

பதில்: வேண்டாம். சட்டுனு திரும்பி சுடணும்னா மவுஸ்தான் வசதி. பரீட்சை எப்பன்னு கேளுங்க மொதல்ல.