பேட்டரியில் ஓடும்போது பிரேக்கர் ஏன் விழுவதில்லை?

கேள்வி: எங்கள் வளாகத்தில் சோலார், 100 கிலோவாட் பேட்டரி இன்வெர்ட்டர், ஸ்மார்ட் கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்த மைக்ரோகிரிட் (வெளி மின்சாரம் இல்லாமலும் தனித்து ஓடக்கூடிய சிறு மின் அமைப்பு) இருக்கிறது. வெளி மின்சாரம் இருக்கும்போது ஒரு கட்டடத்தில் ஷார்ட் ஆனால் அந்தக் கட்டடத்தின் 100 ஆம்பியர் பிரேக்கர் மட்டும் விழுகிறது. பேட்டரியில் ஓடும்போது ஷார்ட் ஆனாலோ பிரேக்கர் அசைவதே இல்லை. வளாகம் முழுவதும் இருண்டுவிடுகிறது. கன்ட்ரோலரை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஷார்ட் ஆனதும் மில்லிசெகண்டுகளில் முடிவெடுக்க வேண்டியது பிரேக்கரும், கோளாறை உணர்ந்து பிரேக்கரை விழச்சொல்லும் ரிலேயும்தான். கன்ட்ரோலர் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

கணக்கைப் பாருங்கள். 400 வோல்ட், 500 கேவிஏ, 4 சதவீத இம்பீடன்ஸ் (மின்னோட்டத்தைத் தடுக்கும் உள் எதிர்ப்பு) உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் முனையில் ஷார்ட் ஆனால் சுமார் 18,000 ஆம்பியர் பாயும். கேபிளின் நீளத்துக்கு ஏற்ப இது குறைந்தாலும் பிரேக்கரை உடனே தட்டிவிடப் போதும். உங்கள் இன்வெர்ட்டரின் முழு மின்னோட்டமே 144 ஆம்பியர்தான். உள்ளே இருக்கும் செமிகண்டக்டர்கள் கருகாமல் இருக்க, அது தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். 1.2 மடங்கு என்று வைத்தாலும் 173 ஆம்பியர். உடனடி டிரிப் 1,000 ஆம்பியரில் செட் செய்த பிரேக்கருக்கு அது கொஞ்சம் கூடுதலான லோடு, அவ்வளவுதான். சூடாகி விழ நிமிடக்கணக்கில் ஆகும். அதற்குள் வோல்டேஜ் சரிந்து இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது. வோல்டேஜும் அதிர்வெண்ணும் தந்து தாளம் கொடுக்க ஆள் இல்லாததால் சோலார் இன்வெர்ட்டர்களும் கூடவே நிற்கின்றன.

சரி, என்ன செய்யலாம்? கட்டடத்துக்குள் இருக்கும் சிறிய சர்க்யூட்டுகளில் தொடங்குங்கள். 16 ஆம்பியர் பி வகை எம்சிபி (சிறிய பிரேக்கர்) 80 ஆம்பியருக்குள் உடனே விழும்; 173 ஆம்பியர் அதற்குத் தாராளம். அதே 16 ஆம்பியரில் சி வகை என்றால் 160 வரை கேட்கலாம், அது நூலிழை. மோட்டார் இல்லாத இடங்களில் பி வகைக்கு மாறுவதே மலிவான முதல் படி.

பெரிய ஃபீடர்களுக்கு (கட்டடங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் முக்கிய லைன்களுக்கு) ரிலே வேண்டும். தனித்து ஓடும்போது வோல்டேஜ் எல்லா ஃபீடரிலும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சரிவதால், அதை மட்டும் வைத்துக் கோளாறு எங்கே என்று சொல்ல முடியாது. வோல்டேஜ் சரிவோடு மின்னோட்டத்தின் அளவையும் திசையையும் சேர்த்துப் பார்க்கும் ரிலே போடுங்கள். கேபிளின் இரு முனைகளையும் ஒப்பிடும் டிஃபரன்ஷியல் ரிலே இன்னும் நல்லது. மின்னோட்டம் குறைவாக இருந்தாலும் ஏமாறாது. ஆனால் இரு முனைகளுக்கும் இடையே நம்பகமான தகவல் கேபிள் வேண்டும்.

வெளி மின்சாரத்துக்கு ஒரு செட்டிங், தனித்து ஓட இன்னொன்று என்று வைத்தால், மாறுவதற்கான கட்டளையை கன்ட்ரோலரின் நெட்வொர்க்கை மட்டும் நம்பி விடாதீர்கள். வெளி இணைப்பு பிரேக்கர் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று காட்டும் அதன் துணை கான்டாக்டிலிருந்து ரிலேவுக்கு நேராக ஒரு ஒயர் இழுங்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். நான் சோதித்த ஓர் இடத்தில் தகவல் கேபிளை உருவியதும் ரிலே பழைய செட்டிங்கிலேயே நின்றுவிட்டது.

அப்புறம், இன்வெர்ட்டர் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்: ஷார்ட்டின்போது எத்தனை ஆம்பியர், எத்தனை விநாடி தாங்கும்? 1 விநாடி என்றால் ரிலே 0.2 அல்லது 0.3 விநாடியில் வேலையை முடித்தாக வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்டது எர்த். நியூட்ரல் வெளி டிரான்ஸ்ஃபார்மரில் மட்டும் எர்த் ஆகியிருந்து, தனித்து ஓடும்போது அந்த நியூட்ரலும் துண்டிக்கப்பட்டால், எர்த் ஃபால்ட் மின்னோட்டம் திரும்பி வர வழியிருக்காது. மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிடியும் விழாது. வெளி இணைப்பு பிரிந்தவுடன் உள்ளேயே நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.

மாற்றங்கள் முடிந்தபின், உண்மையான ஷார்ட் செய்து யாரும் பார்க்கக் கூடாது. தகுதியுள்ள சோதனையாளரை அழைத்து, ரிலேவுக்குள் சோதனை மின்னோட்டம் செலுத்தி, இரண்டு நிலைகளிலும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒருமுறை தகவல் கேபிளை உருவிவிட்டும் சோதியுங்கள்.