போலிக் கைப்பை வாங்குவது தவறா? வாங்கியவரைக் குறைவாக நினைப்பது சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் போலிப் பை வாங்கியவராக இருக்கமாட்டார் என்றும், வேறு யாருடைய தோளிலோ தொங்கிய பையைப் பார்த்து மனத்துக்குள் தீர்ப்பெழுதி முடித்துவிட்டு அதற்கு ஒப்புதல் தேடி வந்தவராக இருப்பார் என்றும் ஊகிக்கிறேன். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். தோல் பைகளைப் பழுதுபார்ப்பதே பத்தொன்பது ஆண்டுகளாக என் பிழைப்பு என்பதால், அப்படி ஒப்புதல் கேட்டு வருபவர்களை நிறையவே பார்த்துவிட்டேன்.

தெரிந்தே வாங்குவது தவறுதான். ஒரு பையின் அழகைப் பார்த்து அந்தச் சாயலில் இன்னொன்று தைப்பது எங்கள் தொழிலில் காலங்காலமாக நடப்பது. அடுத்தவர் பெயரைப் பொறித்து விற்பது திருட்டு. இது இன்று நேற்று வந்த வழக்கமும் அன்று. லூயி வுய்ட்டன் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பைகளில் காணும் எழுத்தும் பூவும் கலந்த அச்சை நிறுவனரின் மகன் ஜார்ஜ் 1896இல் கொண்டுவந்ததே, முந்தைய வடிவங்களைப் பிறர் நகலெடுத்ததால்தான். நகலைத் தடுக்கப் பிறந்த அந்த அச்சுதான் இன்று என் மேசைக்கு வரும் போலிகளில் பாதிக்கு மேல் இருக்கிறது.

சட்டம் பெரும்பாலான நாடுகளில் தயாரிப்பவரையும் விற்பவரையும்தான் துரத்துகிறது. இத்தாலியிலும் பிரான்சிலும் வாங்கியவருக்கே அபராதம் விதிக்க இடமுண்டு.

பெரிய நிறுவனங்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். நானும் அவற்றின் வக்கீல் அல்லன். கைப்பை ஒன்றைத் தைத்துக் கொடுத்த ஒப்பந்தப் பட்டறைக்கு 53 யூரோ கொடுத்துவிட்டு அதையே கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற விவரம் 2024இல் மிலான் நீதிமன்ற விசாரணையில் வெளிவந்து, டியோர் என்ற பிரெஞ்சு ஆடம்பர நிறுவனத்தின் உற்பத்தித் துணை நிறுவனம் ஒன்று நீதிமன்ற மேற்பார்வையில் வைக்கப்பட்டது. தோலின் விலை அந்த 53இல் சேராது என்றாலும், படித்த அன்று எனக்கு ஊசி ஓடவில்லை. ஆனால் இதைக் காரணம் காட்டி ஃபர்ஸ்ட் காப்பி என்னும் அசலைப் போன்ற போலியை வாங்குகிறவர்களில் ஒருவராவது, அந்தக் காப்பியைத் தைத்தவருக்கு என்ன கூலி கிடைத்தது என்று விசாரித்திருப்பாரா?

இரண்டாவது கேள்விதான் என்னைச் சுட்டது. சில ஆண்டுகளுக்கு முன், என் வாடிக்கையாளர் ஒருவர் தம் நாத்தனாரின் பையை மூன்று கோணங்களில் படமெடுத்து அனுப்பி, "சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், அண்ணா" என்றார். எனக்கும் என் கண்மேல் கர்வம் உண்டு. அந்த வகைப் பையின் கைப்பிடி சாயமேற்றாத தோல். கைபடக் கைபட அது தேன் நிறத்துக்குக் கறுக்கும். படத்தில் அடித்துணி நைந்திருக்க, கைப்பிடி மட்டும் நேற்று வாங்கியது போல் வெளுத்திருந்தது. விளிம்புப் பூச்சு தோலோடு ஒட்டாமல் ரெக்சினில் வருவதுபோல் பட்டையாக உரிந்திருந்தது. இதையெல்லாம் வரிசையாக எழுதி, இறுதியில் 'சந்தேகமே இல்லை, டூப்ளிகேட்' என்றும் முடித்து அனுப்பினேன். அந்தச் செய்தி ஒரு குடும்ப விசேஷத்தில், பையின் சொந்தக்காரர் அங்கிருக்கும்போதே, கைக்குக் கை மாறியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நான்கு மாதம் கழித்து அந்தப் பையே என் மேசைக்கு வந்தது. ஜிப் பல் விட்டிருந்தது. கொண்டுவந்தவருக்கு என்னைத் தெரியாது. எனக்குப் பையைத் தெரிந்தது. உள்துணி கிழிந்த இடத்தைக் கறுப்பு நூலால் பொடிப்பொடியாகக் கையாலேயே தைத்திருந்தார், அதுவும் நேர்த்தியாக. நான் எதுவும் கேட்காமலே அவராகச் சொன்னார்: "இது அசல் இல்லை என்பது எனக்குத் தெரியும். அசல் என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. என்னிடம் யாரும் கேட்கவே இல்லையே." ஜிப்பை மாற்றிக் கொடுத்தேன். அந்தச் செய்தியை எழுதியவன் நான்தான் என்று சொல்லவில்லை. கோழைத்தனம் என்பவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

நான் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனாலும் பையைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டவர்கள் ஆளைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கும் தெரிந்தே இருந்தது. போலி அணிபவர் மற்ற விஷயங்களிலும் பொய் சொல்வார் என்பதற்கு, போலி என்று சொல்லி வெயில் கண்ணாடி அணியவைத்துச் சோதித்த 2010ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றைச் சிலர் ஆதாரமாக நீட்டுவார்கள். அதை எழுதிய மூவரில் இருவர் சேர்ந்தெழுதிய, நேர்மை பற்றிய வேறொரு கட்டுரை, தரவு போலியானது என்று தெரியவந்து 2021இல் திரும்பப் பெறப்பட்டது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லலாம்.

அசல் பை வைத்திருப்பவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். முத்திரையிட்ட கொக்கி உடைந்துபோனால், சந்தையில் கிடைக்கும் போலி முத்திரைக் கொக்கியை வாங்கிவந்து மாட்டித்தரச் சொல்வார்கள். முத்திரையில்லாத பித்தளைக் கொக்கிதான் போடுவேன் என்றால் முகம் சுளித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள். அவர்களில் ஒருவர், என் மேசையில் கிடந்த இன்னொருவரின் பையைக் கண்ணால் காட்டி, "இது டூப்ளிகேட்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

போலியையும் பழுதுபார்த்துக் காசு வாங்குகிறவனுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அறுந்த வாரைத் தைப்பேன்; பெயரைப் பொறிக்கமாட்டேன். என் கோடு அங்கேதான் இருக்கிறது. உங்களுக்கு அது வேறிடத்தில் இருக்கலாம். நீங்கள் வாங்கப்போகும் பையைப் பற்றி என்ன கேட்டாலும், ஒவ்வொரு தையலையும் காட்டிச் சொல்கிறேன். அடுத்தவர் பையின் படம் வந்தால் மட்டும், பைக்கு உரியவரையே கேட்கச் சொல்லி எழுதி அனுப்புகிறேன்.