டின்ல வர்ற மஞ்சள் பூசணில சத்து இருக்கா, இல்ல வெறும் சக்கையா?

டின் பூசணின்னா வேற ஒண்ணும் இல்ல, மஞ்சள் பூசணிய (பரங்கிக்காய்னும் சொல்வாங்க) வேகவச்சு மசிச்சு காத்து போகாம டின்ல அடைச்சு மறுபடி சூடு பண்ணி வைக்கறது, அவ்ளோதான். உப்பு சேர்க்காதத எடுத்தா 100 கிராம்ல சுமார் 34 கலோரி, கிட்டத்தட்ட 3 கிராம் நார்ச்சத்து இருக்கும். ஆனா இதுல பெரிய விஷயமே பீட்டா கரோட்டின் தான், அந்த ஆரஞ்சு கலருக்கு காரணமே அதுதான், உடம்பு அத வைட்டமின் ஏ-வா மாத்திக்கும், 100 கிராம் சாப்பிட்டாலே ஒரு நாளைக்கு தேவையானதுல பெரும்பகுதி வந்துடும்.

வீட்ல வேகவச்ச பூசணிய விட இதுல அதிகமா இருக்கேன்னு பலருக்கு டவுட் வரும். பால சுண்டக் காய்ச்சினா கெட்டியாகுதுல்ல, அதே கதைதான், தண்ணி கம்மி அதனால ஒரு ஸ்பூன்ல சத்து ஜாஸ்தி. வெந்ததால செல் சுவர் உடைஞ்சு கரோட்டின் சுலபமா வெளிய வரும், கூட கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ இருந்தா இன்னும் நல்லா உறிஞ்சும். வைட்டமின் சி மட்டும் சூட்டுல கொஞ்சம் போயிடும், அது நிஜம்.

டின்ல அடைச்சாலே சர்க்கரை கலந்திருக்கும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது தப்பு, சர்க்கரையும் மசாலாவும் போட்டு வர்றது 'பை ஃபில்லிங்'னு (pie-ங்கற மேல்நாட்டு இனிப்புக்குள்ள வைக்கற பூரணம்) தனி அயிட்டம், லேபிள்ல பூசணி மட்டும் இருந்தா அது வெறும் பூசணிதான்.