மீட்டர் பல்பை எல்.இ.டி. ஆக்கலாம், சார்ஜ் லைட்டைத் தொட வேண்டாம்

கேள்வி: ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் பழைய மஹிந்திரா டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். இரவில் மலை இறங்கும்போது மீட்டர் எதுவுமே தெரிவதில்லை. டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. டேஷ்போர்டில் இருக்கும் எல்லா பல்பையும் எல்.இ.டி. ஆக்கிவிடலாமா? பக்கத்துத் தோட்டக்காரர் அப்படி மாற்றினார். அதிலிருந்து அவர் ஜீப்பில் பேட்டரி இறங்கிப்போகிறதாம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? எந்த நிறம் வாங்கலாம்?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: சம்பந்தம் உண்டு. அநேகமாக அவர் சார்ஜ் லைட்டையும் சேர்த்து மாற்றியிருப்பார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டேஷ்போர்டு பல்பு விஷயத்தில் வண்டியை நடுவழியில் நிறுத்தக்கூடியது அது ஒன்றுதான்.

பேட்டரி படம் போட்ட அந்தச் சிவப்பு விளக்கு, சார்ஜ் ஏறவில்லை என்று எச்சரிப்பதற்கு மட்டும் இருப்பதல்ல. உங்கள் ஜீப் மாதிரி பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரை, அதாவது இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உற்பத்தி செய்து பேட்டரியை ஏற்றும் கருவியை, எழுப்பிவிடுவதே அதுதான். சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் அந்த பல்பின் இழை வழியாக ஆல்டர்னேட்டருக்குள் போய், உள்ளே சுற்றும் ரோட்டருக்குக் கொஞ்சம் காந்தசக்தி ஏற்றுகிறது. அந்தக் காந்தம் இருந்தால்தான் இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் கரண்ட் உற்பத்தியாகும். உற்பத்தி ஆனவுடன் பல்பின் இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் வந்துவிடும். வித்தியாசம் இல்லாததால் விளக்கு அணையும்.

இழை பல்பு 2 அல்லது 3 வாட். அதன் வழியாக 0.2 ஆம்பியர் அளவுக்குப் போகும். எல்.இ.டி.யில் போவது 0.02 ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு. இது ரோட்டருக்குப் போதாது. ஸ்டார்ட் செய்த பிறகும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஆக்ஸிலேட்டரை ஒருமுறை நன்றாக மிதித்தால் அணைந்துவிடும். பலர் "சரி, அணைந்துவிட்டதே" என்று விட்டுவிடுகிறார்கள். மிதிக்காமல் மெதுவாக ஓட்டினால் அவ்வளவு நேரமும் வண்டி பேட்டரியை மட்டும் தின்றுகொண்டு ஓடுகிறது. எல்.இ.டி.யைத் தலைகீழாகச் சொருகியிருந்தால் இன்னும் மோசம்: விளக்கும் எரியாது, ரோட்டருக்குச் சொட்டு கரண்டும் போகாது, எச்சரிக்கையும் கிடைக்காது.

பக்கத்துத் தோட்டக்காரரிடம் பழைய இழை பல்பையே அந்த ஹோல்டரில் திரும்பப் போடச் சொல்லுங்கள். எல்.இ.டி.தான் வேண்டும் என்று அவர் நின்றால், அந்த எல்.இ.டி.க்குப் பக்க இணைப்பாக (பேரலல்) 68 ஓம், 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றைப் போடலாம். சாவி ஆன் செய்து இன்ஜின் ஓடாமல் இருக்கும் நேரத்தில் அது நன்றாகச் சுடும் என்பதால் பிளாஸ்டிக்கில் படாமல் கட்ட வேண்டும். ஒரு பல்பு செய்கிற வேலைக்கு இவ்வளவு எதற்கு என்பது என் அபிப்பிராயம். எப்படிச் செய்தாலும் கடைசியில் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. 12.5-ஐத் தாண்டாமல் நின்றால் ஏறவில்லை.

பல்பு வாங்குமுன் எர்த்

இப்போது உங்கள் ஜீப். மீட்டர் மங்கினால் பல்புதான் குற்றவாளி என்று எல்லோரும் முடிவு கட்டுகிறோம். பழைய ஜீப்பில் பாதிக்கு மேல் எர்த், அதாவது கரண்ட் வண்டியின் தகரம் வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை, அதில் வரும் கோளாறாகத்தான் இருக்கும். தகரத்துக்குப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், போல்ட் துருப்பிடித்திருக்கும், மலைப்பனி வேறு. இழை பல்பு வோல்டேஜ் குறைவைத் தாங்கவே தாங்காது: 12 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 10.8 கிடைத்தால், வோல்டேஜில் குறைந்தது பத்து சதவீதம்தான், வெளிச்சத்திலோ கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும்.

சோதிப்பது சுலபம். பார்க்கிங் லைட்டைப் போடுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை மீட்டர் பல்பு ஹோல்டரின் எர்த் பக்கத்திலும் இன்னொரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் தொடுங்கள். 0.1 வோல்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.3, 0.5 என்று ஏறினால் அங்கேதான் வெளிச்சம் தொலைகிறது. மீட்டரின் பின்னாலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்து, பெயிண்டைச் சுரண்டிய போல்ட்டில் முடுக்கிவிட்டால் போதும். ஹோல்டரின் பித்தளை நாக்குகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குங்கள். உப்புத்தாள் கரகரவென்று இழுத்துவிடும், வேண்டாம்.

அப்புறம் மீட்டர் கூட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப அங்கே வெள்ளைப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். வருஷக்கணக்கில் இழை பல்பின் சூட்டில் வெந்து அது பழுப்பேறியிருக்கும். பல்பின் கண்ணாடியும் உள்ளே கருத்திருக்கும். இழையிலிருந்து ஆவியான டங்ஸ்டன் படிவதால் வருவது அது. கூட்டுக்குள் மேட் வெள்ளைப் பெயிண்ட் ஒரு பூச்சுப் பூசி, புதிய இழை பல்பு போட்டுப் பாருங்கள். இதுவே போதும் என்று நினைக்கிறவர்களும் உண்டு.

எந்த பல்பு

இதற்குப் பிறகும் எல்.இ.டி. வேண்டுமென்றால், முள்ளுக்கும் எண்ணுக்கும் வெளிச்சம் தரும் பல்புகளை மட்டும் மாற்றுங்கள். தாராளமாக மாற்றலாம். சூடு குறையும், கூடு கருகாது, அடிக்கடி கழற்ற வேண்டியிருக்காது. பேட்டரி மிச்சமாகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 3 வாட் பல்பு நான்கு சேர்ந்தாலும் 1 ஆம்பியர்தான். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கின்றன.

பழைய பல்பைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். அடிப்பாகம் பித்தளையாக, பக்கத்தில் இரண்டு காது வைத்து அழுத்தித் திருப்பும் மாதிரி இருந்தால் அது பிஏ9எஸ். அடியே கண்ணாடியாக, தட்டையாகச் சொருகும் மாதிரி என்றால் பெரியது டி10, சிறியது டி5. சொருகும் எல்.இ.டி. எரியவில்லை என்றால் பிடுங்கித் திருப்பிச் சொருகினால் எரியும். பித்தளை அடியை அப்படி முனை மாற்றிப் போட முடியாது, அதனால் பாசிட்டிவ் எந்தப் பக்கம் வந்தாலும் எரியும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

விலை குறைந்த எல்.இ.டி. பல்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உள்ளே மூன்று வெள்ளைச் சில்லுகள் வரிசையாக, கூடவே ஒரு ரெசிஸ்டர். மூன்று சில்லும் சேர்ந்து சுமார் 9.3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 12 வோல்டில் மீதி 2.7 வோல்ட் ரெசிஸ்டரின் தலையில் விழும், அதற்கேற்ப 20 மில்லிஆம்பியர் ஓடும். இன்ஜின் ஓடி 14.4 வோல்ட் ஆகும்போது மீதி 5.1 வோல்ட். கரண்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேசை மேல் பேட்டரியில் வைத்துக் காட்டும்போது ஜோராக எரிந்த பல்பு, வண்டியில் கொஞ்ச நாளில் மினுக்கிச் சாவது இதனால்தான். 9 முதல் 16 வோல்ட் வரை என்று உறையில் போட்ட, உள்ளே கரண்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் உள்ள பல்பைக் கேளுங்கள். விலை கூடத்தான், ஆனால் நிற்கும்.

இன்னொன்று: இழை பல்பு எல்லாத் திசையிலும் வெளிச்சம் தரும், எல்.இ.டி. நேரே முன்னால் அடிக்கும். தலையில் மட்டும் சில்லு வைத்ததைப் போட்டால் ஸ்பீடோ மீட்டரில் 40 மட்டும் பளீரென்றும் 80 இருட்டாகவும் இருக்கும். சுற்றுப் பக்கங்களிலும் சில்லு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். உங்கள் வண்டியில் வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர் இருந்தால், பாதி திருப்பும்போதே எல்.இ.டி. பொசுக்கென்று அணையலாம். அந்த மூன்று சில்லும் 9 வோல்டுக்குக் கீழே எரியாது, அதுதான் காரணம்.

நிறம்

கடைக்காரர் முதலில் நீலத்தையும் பால்வெள்ளையையும் எடுத்துக் காட்டுவார். போடிமெட்டு ரோட்டில் இரவில் ஓட்டுகிறவருக்கு இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும். மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் விழித்திரைச் செல்கள் நீலப்பச்சைக்குத்தான் அதிகம் கூசும். எனவே முகத்துக்கு நேரே நீலம் எரிந்தால், வளைவில் பனிக்குள்ளிருந்து வருகிற ஆள் தெரிவது தாமதமாகும். வயது கூடக்கூட நீல வெளிச்சம் கண்ணுக்குள் அதிகம் சிதறுவதால் எண்களும் கலங்கித் தெரியும். பால்வெள்ளை எல்.இ.டி.யிலும் நீலம் தூக்கலாகவே இருக்கிறது.

வார்ம் ஒயிட், உறையில் 3000 கே என்று போட்டிருக்கும், அதை வாங்குங்கள். ஆம்பர் கிடைத்தால் அதுவும் நல்லது. மீட்டருக்குள் பச்சை ரப்பர் தொப்பியோ பச்சை பில்டரோ இருந்தால் ஒன்று அதைக் கழற்றுங்கள், இல்லையென்றால் பச்சை எல்.இ.டி.யே போடுங்கள். மாட்டிய பிறகும் கண் கூசினால் பல்புக்குப் போகும் வயரில் தொடராக (சீரிஸ்) ஒரு 470 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் சேர்த்தால் சாதாரண வகை எல்.இ.டி. இதமாக அடங்கும். கரண்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் உள்ள பல்பில் இந்த வழி சரியாக வராது. அதில் ஆரம்பத்திலேயே குறைந்த வாட் பார்த்து வாங்க வேண்டும்.

மாற்றக் கூடாதவை

சார்ஜ் லைட்டைச் சொல்லிவிட்டேன். ஹை பீம் நீல விளக்கையும் விட்டுவிடுங்கள், எல்.இ.டி. போட்டால் இரவில் கண்ணைக் குத்தும். ஆயில் பிரஷர் விளக்கு எல்.இ.டி.யிலும் எரியும்தான். ஆனால் சிவப்பு மூடிக்குப் பின்னால் பால்வெள்ளை வைத்தால், அதில் சிவப்பு குறைவு என்பதால் வெளிறிப்போய்த் தெரியும். இன்ஜினைக் காப்பாற்றும் விளக்கு அது. இழை பல்பே இருக்கட்டும்.

இண்டிகேட்டர் விளக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து டேஷ்போர்டில் ஒரே பல்பு இருந்தால், அதற்குத் தனி எர்த் பெரும்பாலும் இருக்காது. இடது போடும்போது வலதுபக்க பல்புகளின் இழை வழியாகவும், வலது போடும்போது இடதுபக்கம் வழியாகவும் எர்த் எடுக்கும். கரண்ட் இரு திசையிலும் மாறி மாறி ஓடுவதால் சாதாரண எல்.இ.டி. ஒரு பக்கத்துக்கு மட்டுமே மினுக்கும். மாற்றியே தீரவேண்டும் என்றால் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு இரண்டு வாங்கி, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்றின் வழியாக பல்பின் பாசிட்டிவுக்குக் கொடுத்து, நெகட்டிவைத் தனியாக எர்த் செய்ய வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை. பழைய மோட்டார் சைக்கிள் சிலவற்றில் ஹெட்லைட்டும் மீட்டர் பல்பும் பேட்டரியில் ஓடாமல் நேரே மேக்னட் காயிலின் ஏசி கரண்டில் ஓடுகின்றன, அவற்றில் எல்.இ.டி. மினுக்கி மினுக்கித்தான் எரியும். புதிய கார்களிலோ எல்.இ.டி. ஏற்கெனவே மீட்டர் போர்டில் சால்டர் செய்தே வருகிறது. ஏர்பேக் உள்ள வண்டியில் மீட்டரை வீட்டில் கழற்றும் யோசனையே வேண்டாம்.

உங்கள் ஜீப்பில் கழற்றலாம். முதலில் பேட்டரி நெகட்டிவை எடுத்துவிடுங்கள். ஸ்பீடோ மீட்டர் கேபிளை விடுவிக்காமல் கூட்டை இழுக்காதீர்கள். ஒவ்வொரு வயரும் எந்த ஹோல்டரில் இருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளை விரலால் தொடக் கூடாது, கண்ணாடியைத் தின்னரால் துடைக்கக் கூடாது. மூடுவதற்கு முன் பேட்டரியைத் திரும்ப மாட்டி, பார்க்கிங் லைட், சாவி, இண்டிகேட்டர் மூன்றையும் போட்டு எல்லாம் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஸ்க்ரூ முடுக்குங்கள்.