முட்டை ஓட்டைக் கீறிய குஞ்சு வெளியே வராவிட்டால் உரித்துவிடலாமா?

மன்னார்குடியில் வீட்டு இன்குபேட்டரில் (முட்டை பொரிக்கும் பெட்டியில்) வைத்த கோழி முட்டையில் 21ஆம் நாள் காலை கீறல் விழுந்தது, மாலையாகியும் குஞ்சு வரவில்லை, ஓட்டை உரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது வேண்டாம். முதல் கீறலுக்குப் பின் 12 முதல் 24 மணி நேரம் ஆவது இயல்பே. உள்ளே குஞ்சு சும்மா கிடக்கவில்லை. ஓட்டின் உட்புறச் சவ்வில் ஓடும் ரத்த நாளங்கள் வற்ற வேண்டும், மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் போக வேண்டும். அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கசியும்; தொப்புள் மூடாத குஞ்சு பிழைப்பது அரிது.

அடிக்கடி மூடியைத் திறந்து பார்ப்பதுதான் பெரிய வினை. ஈரப்பதம் இறங்கினால் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். 18ஆம் நாளிலிருந்து முட்டைகளைத் திருப்பாமல், ஈரப்பதம் 65–70 சதவீதம் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய நாட்களுக்கு இது பொருந்தாது. ஐப்பசி அடைமழையில் நம் டெல்டாக் காற்றே ஈரம். அந்த மழையில், 18ஆம் நாளுக்கு முன்பே பெட்டியின் தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றினால் முட்டையின் நீர் போதிய அளவு வற்றாது, காற்றறை (முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றிடம்) சிறிதாகவே நின்றுவிடும்.

24 மணி நேரம் கடந்தும் அசையாமல், சவ்வு பழுப்பேறி இறுகியிருந்தால் தலையிடலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் சவ்வை ஒற்றி, கீறலிலிருந்து சிறு சிறு சில்லாக எடுங்கள். அலகருகே நீர் இறங்கக் கூடாது. சிவப்பு இழை தெரிந்தால் உடனே நிறுத்தி, முட்டையை உள்ளே வைத்துவிடுங்கள். தலை விடுபட்டால் போதும், மீதியை அதுவே உதைத்துத் தள்ளும்.

முன்னரே பொரிந்த குஞ்சுகள் பசியால் வாடாது. உள்ளிழுத்த மஞ்சள் கரு 2 நாள் தாங்கும். மின்சாரம் போனால் பெட்டியைக் கம்பளியால் போர்த்துங்கள், காற்றுத் துளைகளை மட்டும் மறைக்காமல்.