முயலின் கண்ணும் காதும்

ஐயா, ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரரின் முயல் ஓவியத்தைப் பார்த்து வரைந்து பழகுகிறேன். என் படியை இணைத்திருக்கிறேன். அந்த முயலின் கண்ணுக்குள் சன்னல் தெரிகிறது. அறைக்குள் அடைபட்டு வெளிக்கு ஏங்குவதாகவே எனக்குப் படுகிறது. இது சரியா? உரோமத்துக்கு எந்தத் தூரிகை நல்லது?
க., வேலந்தாவளம்

அன்புள்ள க.,

முனை கூர்மையாக நிற்கும் எந்தத் தூரிகையும் போதும். விலங்கு ஓவியம் என்றாலே கண்ணில் துயரத்தைத் தேடும் நம் பழக்கம் சில காலமாக மனதை உறுத்திக்கொண்டிருந்ததால்தான் உடனே எழுதுகிறேன்.

சன்னலை வைத்து ஏக்கத்தைக் கட்டி எழுப்பாதீர்கள். ட்யூரர் 1500இல் வரைந்த தன்னுருவ ஓவியத்தின் கண்களிலும் சன்னலின் ஒளி இருக்கிறது. ஈர விழியைக் காட்ட அவர் கையாண்ட உத்தி அது. 1502இல் முயலுக்கும் அதையே வைத்தார். மனிதனிடம் உத்தியாக இருப்பது முயலிடம் மட்டும் எப்படிச் சிறைவாசமாகிவிடும்?

காதைப் பாருங்கள். கொழிஞ்சாம்பாறையில் பெரியப்பாவின் காட்டில் நிலக்கடலை பறிக்கும்போது செடிகளுக்கிடையே ஒரு முயல் அகப்பட்டது. ஆட்கள் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்றும் அது ஓடவில்லை. காதுகள் இரண்டும் முதுகோடு ஒட்டிக் கிடக்க, மூக்கு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பெரியப்பா எல்லோரையும் விலகச் சொன்னார். சற்று நேரம் கழித்து ஒரு காது எழுந்தது, பிறகு மற்றதும் எழுந்தது, அதன் பின்னரே அது பாய்ந்தது. பதுங்கும் முயலின் காது படிந்திருக்கும். ட்யூரரின் முயலுக்கோ காதுகள் நிமிர்ந்திருக்கின்றன, பின்னங்கால்கள் மடங்கியிருக்கின்றன. அது கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த விழிப்பைத் துயரம் என்று சொல்வது முயலைப் பார்க்காமலே அதற்காக அழுவதாகும்.

உங்கள் படியில் உரோமம் முழுவதும் சீப்பால் வாரிவிட்டதுபோல் ஒரே திசையில் கிடப்பதும் இந்தக் கவனக்குறைவினால்தான். ட்யூரர் பழுப்பு நீர்வண்ணத்தை முதலில் மெல்லப் பூசி, அதன்மேல் கருங்கோடுகளையும் ஒளிபுகா வெண்கோடுகளையும் உரோமம் படியும் போக்கிலேயே இழுத்திருக்கிறார். முதுகிலும் மார்பிலும் தொடையிலும் அந்தப் போக்கு மாறுவதால்தான் தோலுக்கடியில் மடங்கியிருக்கும் காலை நாம் உணர்கிறோம். இவ்வளவும் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு தாளில்!

ஆனால் உங்களுக்குத் தோன்றிய தனிமை பொய்யில்லை, தங்கையே. புல், தரை, சுவர் எதையும் அவர் வரையவில்லை. வலப்பக்கம் விழும் நிழல் ஒன்றுதான் முயலை அந்த வெறுமையில் உட்கார வைத்திருக்கிறது. உங்கள் படியில் அந்த நிழலையே காணோம். உரோமத்தை விட்டுவிட்டு, முதலில் அதை வரைந்து அனுப்புங்கள்.